ரிமோட் ஃபைல் திறக்கலையா? எடிட்டரை விடுங்க, ஷெல்லைப் பாருங்க

ஈமாக்ஸ்ங்கிற டெக்ஸ்ட் எடிட்டர்ல இருந்துகிட்டே சர்வர்ல இருக்க ஃபைலை எடிட் பண்றதுக்கு டிராம்ப்னு ஒரு பேக்கேஜ் இருக்கு, அதை யூஸ் பண்ற எல்லாருமே என்னைக்காவது ஒரு நாள் இந்த இடத்துல வந்து மாட்டுவாங்க. ஃபைல் திறக்கற கண்ட்ரோல்-எக்ஸ் கண்ட்ரோல்-எஃப் அடிச்சு, /எஸ்எஸ்எச்:யூசர்@சர்வர்:/இடிசி/ஹோஸ்ட்ஸ்னு டைப் பண்ணி என்டர் தட்டுவோம், கீழ மினிபஃபர்ங்கிற கடைசி வரில "வெயிட்டிங் ஃபார் பிராம்ப்ட்ஸ் ஃப்ரம் ரிமோட் ஷெல்"னு வரும், அப்புறம் அப்படியே நிக்கும். கர்சர் நகராது, வேற பஃபருக்கும் (ஈமாக்ஸ்ல திறந்து வச்சிருக்க ஃபைலோட நகல்) போக முடியாது, ஈமாக்ஸே செத்த மாதிரி கெடக்கும். அதே சர்வருக்கு டெர்மினல்ல எஸ்எஸ்எச் (தூரத்து மெஷின்ல பாதுகாப்பா லாகின் பண்ற கமாண்ட்) போட்டா ஒரே செகண்ட்ல உள்ள போயிடுது. உடனே எல்லாரும் பண்றது என்னன்னா கூகுள் பண்ணி கெடைக்கிற நாலஞ்சு லிஸ்ப் வரியை இனிட் ஃபைல்ல (ஈமாக்ஸ் கெளம்பும்போது படிக்கற நம்ம செட்டிங் ஃபைல்) ஒட்டிப் பாக்கறது. அதுல ஒண்ணு தற்செயலா வேலை செய்யும், ஏன் செஞ்சுதுன்னு தெரியாது, ஆறு மாசம் கழிச்சு சர்வர் மாறினதும் மறுபடி அதே கதை.

இதுல எடிட்டர் மேல தப்பு ரொம்ப கம்மிங்க. டிராம்ப் எப்படி வேலை செய்யுதுன்னு ஒரு தடவை புரிஞ்சுகிட்டா பாதி பிரச்சனைக்கு எங்க கை வைக்கணும்னு தானா தெரிஞ்சிடும்.

டிராம்ப்ங்கிறது புது புரோட்டோகால் ஒண்ணும் கிடையாது. சர்வர்ல எதையும் இன்ஸ்டால் பண்றதும் இல்ல. அது பண்றதெல்லாம் நம்ம லேப்டாப்ல இருக்க சாதாரண எஸ்எஸ்எச் கமாண்டை ஓட்டி, அந்தப் பக்கம் வர்ற ஷெல் (நாம அடிக்கற கமாண்டை வாங்கி ஓட்டற புரோகிராம்) முன்னாடி ஒரு மனுஷன் மாதிரி உக்காந்துக்கறது தான். பாஸ்வேர்ட் கேக்குதான்னு பாக்கும், கேட்டா நம்ம கிட்ட வாங்கிக் குடுக்கும். அப்புறம் பிராம்ப்ட், அதாவது ஷெல் அடுத்த கமாண்டுக்கு ரெடின்னு காட்டற குறி, வருதான்னு பாக்கும். வந்ததும் சர்வர்ல /பின்/எஸ்எச்-ஐ தனியா எழுப்பி, அதுக்கு தன்னோட சொந்த பிராம்ப்ட் ஒண்ணை வச்சிடும், ஸ்லாஷ் ஸ்லாஷ் ஸ்லாஷ் போட்டு ஒரு நீளமான ஹாஷ் (எழுத்தும் எண்ணும் கலந்த வரிசை), வேற எந்த அவுட்புட்லயும் தற்செயலா வர முடியாத மாதிரி. அதுக்கப்புறம் எல்லாமே அந்த ஷெல்லோட பேச்சு வார்த்தை தான்: இது என்ன ஓஎஸ், ஸ்டாட் கமாண்ட் இருக்கா, பேர்ல்ங்கிற லாங்குவேஜ் இருக்கா, இந்த ஃபைல் இருக்கா, படிக்க பெர்மிஷன் இருக்கா. ஃபைலோட உள்ளடக்கம் கூட பேஸ்64 (எந்த டேட்டாவையும் வெறும் எழுத்தா மாத்தற முறை) ஆக்கி அதே ஷெல் வழியாவே டெக்ஸ்டா வரும். 1998 கடைசில எழுத ஆரம்பிச்ச ஐடியா இது, அதுக்கு முன்னாடி ஈமாக்ஸ்ல எஃப்டிபி வழியா எடிட் பண்ற ஆஞ்ச்-எஃப்டிபி தான் இருந்துச்சு, 2007ல வந்த ஈமாக்ஸ் 22ல இருந்து டிராம்ப் கூடவே வருது. இத்தனை வருஷம் கழிச்சும் அடிப்படை மாறலை: ஷெல் சொல்ற டெக்ஸ்டை படிச்சு புரிஞ்சுக்கற ஒரு புரோகிராம், அவ்வளவு தான்.

அப்ப ஷெல் கண்டதையும் பேசினா அதுக்கு குழப்பம் வரும். வருது.

முதல் வில்லன் பிராம்ப்ட். டிராம்ப்க்கு நம்ம பிராம்ப்ட் தேவைப்படறது ஒரே ஒரு தடவை தான், லாகின் ஆன உடனே, "சரி ஷெல் ரெடி"ன்னு தெரிஞ்சுக்க. அதைக் கண்டுபிடிக்க ஒரு ரெகுலர் எக்ஸ்பிரஷன் (சுருக்கமா ரெகெக்ஸ், தேட வேண்டிய எழுத்து அமைப்பை சொல்ற வரி) வச்சிருக்கு, பொதுவா டாலர், ஹாஷ் குறி (#), பெர்சென்ட், கிரேட்டர்-தேன் மாதிரி ஒரு எழுத்துல முடியற வரியை தேடும். ஆனா இப்ப யாரு அப்படி பிராம்ப்ட் வைக்கறாங்க? ஜீஷெல்னு (zsh) ஒரு ஷெல்லைப் போட்டு, அதுக்கு மேல ஒரு தீம் போட்டு, ரெண்டு வரில கலர் கலரா, கிட் பிராஞ்ச், பைத்தான் வெர்ஷன், வலது பக்கம் மணி வேற, கடைசில ஒரு அம்புக்குறியோ லாம்டாவோ. மனுஷன் கண்ணுக்கு அழகா தான் இருக்கு. டிராம்ப்க்கு அது வெறும் எஸ்கேப் சீக்வென்ஸ் (கலர் மாத்தற கோடு) குப்பை, பிராம்ப்ட் இன்னும் வரலைன்னு நெனச்சு காத்துகிட்டே இருக்கும், டிஃபால்டா 60 செகண்ட் வரைக்கும்.

எங்க டீம்ல புதுசா சேர்ந்த தம்பி ஒருத்தர், "அண்ணா எல்லா சர்வரும் தெறக்குது, இந்த டெவ் பாக்ஸ் மட்டும் தெறக்கவே மாட்டேங்குது, ஃபயர்வால் டீமுக்கு டிக்கெட் போடட்டுமா"ன்னு கேட்டாரு. டெர்மினல்ல எஸ்எஸ்எச் போகுதேப்பா, அப்புறம் ஃபயர்வாலுக்கு என்ன வேலை? போய்ப் பாத்தா அந்த ஒரு மெஷின்ல மட்டும் அவரோட டாட்ஃபைல்ஸ் (சொந்த செட்டிங் ஃபைல்கள்) எல்லாத்தையும் ஆசையா கொண்டு போய் இறக்கி வச்சிருக்காரு, ஜீஷெல் தீமோட சேத்து. மத்த சர்வர்ல எல்லாம் வெறும் பாஷ்ங்கிற சாதாரண ஷெல்.

இதுக்கு ரெண்டு வழி. ஈமாக்ஸ் பக்கம் டிராம்ப்-ஷெல்-பிராம்ப்ட்-பேட்டர்ன்னு ஒரு வேரியபிள் இருக்கு, அதை நம்ம பிராம்ப்டுக்கு ஏத்த மாதிரி மாத்தலாம். எனக்கு அது பிடிக்காது, தீம் மாத்தற ஒவ்வொரு தடவையும் ரெகெக்ஸ் எழுதிகிட்டு இருக்க முடியுமா? சர்வர் பக்கம் சரி பண்றது தான் நிரந்தரம். டிராம்ப் உள்ள நுழையும்போது டெர்ம் வேரியபிள்ல "டம்"னு வச்சுகிட்டு தான் வரும், அதாவது "நான் ஒரு முட்டாள் டெர்மினல், கலர் கிலர் எல்லாம் எனக்கு காட்டாத"ன்னு நேராவே சொல்லிடுது. நாம தான் காதுல வாங்கறது இல்ல. ஜீஷெல்லோட ஆர்சி ஃபைல்ல முதல் வரியாவே, டெர்ம் வந்து டம்னு இருந்தா லைன் எடிட்டரை அணைச்சுட்டு, பிராம்ப்டை வெறும் டாலரும் ஒரு ஸ்பேஸும் ஆக்கிட்டு, அங்கேயே ரிட்டர்ன் ஆயிடுன்னு ஒரு கண்டிஷன் போட்டா போதும். "முதல் வரி"ங்கிறதை அழுத்தி சொல்றேன், தீமை லோடு பண்ற வரிக்கு கீழ போட்டு பிரயோஜனம் இல்ல.

ரெண்டாவது வில்லன் வரவேற்பு. பாஷ்ஆர்சில (பாஷ் ஆரம்பிக்கும்போது படிக்கற செட்டிங் ஃபைல்) எக்கோ போட்டு "வெல்கம்"னு எழுதி வைக்கறது, எழுத்தை எல்லாம் பெருசாக்கி சர்வர் பேரை படமா காட்டறது, டிஸ்க் எவ்வளவு காலி, அப்டேட் எத்தனை பாக்கின்னு சொல்றது. கல்யாண மண்டப வாசல்ல மைக்செட் கட்டின மாதிரி. இதுல கூத்து என்னன்னா, பாஷ்ங்கிற ஷெல் எஸ்எஸ்எச் வழியா ஒரு கமாண்ட் மட்டும் ஓட்டறப்ப கூட, அதாவது மனுஷன் யாரும் அந்தப் பக்கம் இல்லாதப்ப கூட, பாஷ்ஆர்சியை படிக்கும். அப்ப அந்த எக்கோ எல்லாம் டேட்டாவோட கலந்து வரும்.

இது கலந்தா எப்படி இருக்கும்னு பாக்கணும்னா எஸ்எஃப்டிபி (எஸ்எஸ்எச் வழியா ஃபைல் அனுப்பற முறை) போட்டுப் பாருங்க, "ரிசீவ்டு மெசேஜ் டூ லாங் 1466264675"ன்னு ஒரு எரர் வரும். அந்த நம்பரைப் பாத்து பயந்து, ஃபைல் சைஸ் பெருசா இருக்கு போலன்னு நெனச்சு லிமிட்டை கூட்ட வழி தேடறவங்க இருக்காங்க. உண்மைல அது சைஸே இல்ல. எஸ்எஃப்டிபில ஒவ்வொரு பாக்கெட்டும் நாலு பைட் நீளத்தோட தான் ஆரம்பிக்கும். சர்வர் அனுப்பின முதல் நாலு பைட்டை கிளையன்ட் நீளம்னு நெனச்சு படிக்குது. 1466264675-ஐ ஹெக்ஸ்ல எழுதினா 57 65 6சி 63, அதை ஆஸ்கில பாத்தா இங்கிலீஷ்ல வெல்கம்ங்கிற வார்த்தையோட முதல் நாலு எழுத்து! நூத்தி நாப்பத்தாறு கோடி பைட்ல ஒரு பாக்கெட் வருதுன்னு நம்பி கிளையன்ட் கைய விரிச்சிடுது, ஏன்னா அது ஏத்துக்கறது அதிகபட்சம் 256 கேபி தான். உங்களுக்கு வேற நம்பர் வந்தாலும் இதே மாதிரி ஹெக்ஸாக்கி படிச்சுப் பாருங்க, உங்க பாஷ்ஆர்சில இருக்க ஏதோ ஒரு வாக்கியத்தோட ஆரம்பம் தெரியும். எனக்கு இந்த எரர்னா தனி பாசம், தன் காரணத்தை தானே சொல்லிடுது.

டெஸ்ட் பண்றது ரொம்ப சுலபம். லோக்கல் டெர்மினல்ல எஸ்எஸ்எச், சர்வர் பேர், அப்புறம் ட்ரூங்கிற கமாண்ட், அவ்வளவு தான் அடிக்கணும். ட்ரூங்கிறது ஒண்ணுமே பண்ணாத கமாண்ட், அதனால ஸ்க்ரீன்ல ஒண்ணுமே வரக்கூடாது. ஒரே ஒரு எழுத்து வந்தாலும் அதைத் தேடிப் பிடிச்சு, பாஷ்-ப்ரொஃபைலுக்கு நகத்திடுங்க, இல்ல பாஷ்ஆர்சி ஆரம்பத்துலயே இன்டராக்டிவ் ஷெல் இல்லன்னா ரிட்டர்ன்னு போட்டுடுங்க. உபுண்டுல வர்ற டிஃபால்ட் பாஷ்ஆர்சில அந்த செக் முதல்லயே இருக்கும், நம்ம ஆளுங்க அதுக்கு மேல போய் எக்கோவை எழுதி வச்சிருப்பாங்க.

இதோட சேந்த இன்னொண்ணு. "சின்ன ஃபைல் எல்லாம் தெறக்குது, பெரிய ஃபைல் மட்டும் எரர் அடிக்குது" இப்படி யாராவது சொன்னா எனக்கு கேஸ் பாதி முடிஞ்ச மாதிரி. டிராம்ப்ல எஸ்சிபி (எஸ்எஸ்எச் வழியா ஃபைலை காப்பி பண்ற கமாண்ட்) மெத்தட்னு ஒண்ணு இருக்கு, அதுல 10240 பைட்டுக்கு கீழ இருக்க ஃபைல் ஷெல் வழியாவே பேஸ்64ல வரும், அதுக்கு மேல போனா வெளிய தனியா ஒரு எஸ்சிபி ஓடும். அப்ப பெரிய ஃபைல் மட்டும் அடி வாங்குதுன்னா ஷெல் நல்லா இருக்கு, எஸ்சிபி தான் ஊத்திக்கிச்சு. எஸ்சிபி ஏன் ஊத்திக்கும்? மேல சொன்ன வெல்கம் சத்தம் ஒரு காரணம். இன்னொண்ணு 2022 ஏப்ரல்ல வந்த ஓபன்எஸ்எஸ்எச் 9.0, அதுல இருந்து எஸ்சிபி கமாண்ட் உள்ளுக்குள்ள எஸ்எஃப்டிபி புரோட்டோகாலை தான் பேசுது. சர்வர்ல எஸ்எஃப்டிபி சர்வர் புரோகிராம் இல்லன்னா காலி. வீட்டு ரவுட்டர்ல ஓபன்டபிள்யூஆர்டிங்கிற லினக்ஸ் போட்டு வச்சிருக்கறவங்களுக்கு இது நல்லா தெரிஞ்சிருக்கும், அதுல வர்ற டிராப்பேர்ங்கிற குட்டி எஸ்எஸ்எச் சர்வர்ல எஸ்எஃப்டிபி சர்வர் கூட வராது, நாம தனியா போடணும். டெர்மினல்ல எஸ்சிபிக்கு கேபிடல் ஓ ஆப்ஷன் குடுத்தா பழைய புரோட்டோகால்ல போகும். ஈமாக்ஸ்ல அதை விட சுலபம், பாத்ல எஸ்சிபின்னு இருக்கறதை எஸ்எஸ்எச்னு மாத்திட்டா எல்லாமே ஷெல் வழியா வந்துடும். பெரிய லாக் ஃபைலுக்கு மெதுவா இருக்கும், கான்ஃபிக் ஃபைலுக்கெல்லாம் வித்தியாசமே தெரியாது.

இவ்வளவு பாத்தும் பிடிபடலைன்னா லாகை திறங்க. ஆளுங்க கடைசியா பண்றதும் இது தான், முதல்ல பண்ண வேண்டியதும் இது தான். டிராம்ப்-வெர்போஸ்ங்கிற வேரியபிள் டிஃபால்டா 3ல இருக்கும், அதை 6 ஆக்கிட்டு மறுபடி ஃபைலை திறந்தா, "டீபக் டிராம்ப்"னு ஆரம்பிக்கற பேர்ல ஒரு பஃபர் வரும். அதுல டிராம்ப் ஷெல்லுக்கு அனுப்பின ஒவ்வொரு வரியும், ஷெல் திருப்பி சொன்ன ஒவ்வொரு வரியும் டைமோட இருக்கும். மொத்தமும் படிக்க வேணாம். நேரா கடைசிக்கு போங்க, கடைசியா ஷெல் என்ன சொல்லிட்டு நின்னுச்சுன்னு பாருங்க. "ஆர் யூ ஷ்யூர்"னு ஹோஸ்ட் கீ கேட்டுகிட்டு இருக்கும், இல்ல "யுவர் பாஸ்வேர்ட் வில் எக்ஸ்பயர் இன்"னு ஒரு அறிவிப்பு இருக்கும், இல்ல தீமோட அம்புக்குறி இருக்கும், இல்ல ஒரு பழைய டூல் "அப்டேட் பண்ணட்டுமா ஒய் ஆர் என்"னு கேட்டுட்டு நம்ம பதிலுக்கு காத்திருக்கும். டிராம்ப்பும் ஷெல்லும் ஒருத்தர ஒருத்தர் எதிர்பாத்து உக்காந்திருப்பாங்க. பாத்து முடிச்சதும் மறக்காம 3க்கே இறக்கிடுங்க, லாக் எழுதறதே ஈமாக்ஸை மெதுவாக்கிடும். அந்த லாகை யாருக்காவது அனுப்பறதா இருந்தா ஒரு தடவை கண்ணால பாத்துட்டு அனுப்புங்க, யூசர் பேர், சர்வர் பேர், ஃபைல் பாத், சமயத்துல ஃபைல் உள்ள இருக்கறதே கூட இருக்கும்.

நம்ம ஊர் ஆளுங்களுக்குன்னே ஒரு ஸ்பெஷல் கேஸ் இருக்கு. லேப்டாப்ல தமிழ் லோக்கேல் (மொழி, நாடு பத்தின செட்டிங்) வச்சிருக்கறவங்க, அதாவது லாங்ங்கிற வேரியபிள் டிஏ-ஐஎன்னு இருக்கறவங்க கொஞ்சம் கவனிங்க. டெபியன், உபுண்டுல எஸ்எஸ்எச் கிளையன்டோட டிஃபால்ட் செட்டிங்கே லாங், எல்சி வேரியபிள் எல்லாத்தையும் சர்வருக்கு கையோட அனுப்பிடும். அந்த சர்வர்ல தமிழ் லோக்கேல் இன்ஸ்டால் ஆகியிருக்காது, ஆகியிருந்தா தான் ஆச்சரியம். உடனே பாஷ் "கேன்னாட் சேஞ்ச் லோக்கேல்"னு வார்னிங்கை கத்தும், பேர்ல் இருந்தா அது தனியா ஒரு பத்தி எழுதும். மறுபடி அதே சத்தம் பிரச்சனை. தமிழ்ல பேர் வச்ச ஃபைல் எல்லாம் கேள்விக்குறியாவோ மூணு மூணு இலக்க நம்பராவோ தெரியறதுக்கும் பல தடவை இந்த லோக்கேல் தான் காரணம். அந்த சர்வருக்கு மட்டும் நம்ம எஸ்எஸ்எச் கான்ஃபிக்ல செட்என்வ்னு போட்டு லாங்கை சி-யுடிஎஃப்8 ஆக்கி அனுப்பிட்டா சத்தமும் போகும், தமிழ் பேரும் ஒழுங்கா தெரியும். ஒண்ணு, கூடவே எல்சி-ஆல்னு ஏதாவது வச்சிருந்தீங்கன்னா அது லாங்கை மிதிச்சிடும், அதையும் பாத்துக்கோங்க.

அடுத்தது, நேத்து வரைக்கும் ஓடிச்சு இன்னைக்கு தொங்குதுங்கிற ரகம். லேப்டாப்பை மூடி வச்சுட்டு சாப்ட போனோம், வந்து திறந்தா வைஃபை மாறியிருக்கு, விபிஎன் அறுந்து போச்சு, ஆனா பழைய எஸ்எஸ்எச் கனெக்ஷன் இன்னும் உயிரோட இருக்குன்னு டிராம்ப் நம்பிகிட்டு இருக்கு. ஃபைலை சேவ் பண்ண போனா மொத்த ஈமாக்ஸும் உறைஞ்சு போகும், ஏன்னா டிராம்ப் பேசி முடிக்கற வரைக்கும் ஈமாக்ஸ் வேற வேலையே பாக்காது. இது டிராம்ப்போட பலவீனம் தான், ஒத்துக்கணும். கண்ட்ரோல்-ஜி அடிச்சு வெளிய வந்துட்டு டிராம்ப்-கிளீனப்-ஆல்-கனெக்ஷன்ஸ் ஓட்டுங்க, ஃபைல் பஃபர் எல்லாம் அப்படியே இருக்கும், கனெக்ஷன் மட்டும் புதுசா போடும். பேர் கிட்டத்தட்ட அதே மாதிரி டிராம்ப்-கிளீனப்-ஆல்-பஃபர்ஸ்னும் ஒண்ணு இருக்கு, அது ரிமோட் பஃபர்களையும் சேத்து மூடிடும், டேப் கம்ப்ளீஷன்ல அவசரமா தட்டாதீங்க.

இது அடிக்கடி நடக்குதுன்னா எஸ்எஸ்எச் கான்ஃபிக்ல சர்வர்-அலைவ்-இன்டர்வல்னு ஒரு ஆப்ஷன், அது டிஃபால்டா 0, அதாவது அணைஞ்சு கெடக்கும். 15ன்னு வச்சா 15 செகண்டுக்கு ஒரு தடவை சர்வரை தட்டிப் பாக்கும், தொடர்ந்து மூணு தடவை பதில் வரலைன்னா கனெக்ஷனை தானே அறுத்துடும். முக்கா நிமிஷத்துல முடிவு தெரிஞ்சிடும், காலவரையில்லாம தொங்காது.

கன்ட்ரோல் மாஸ்டர் யூஸ் பண்றவங்களுக்கு இன்னொரு சிக்கல் இருக்கு. ஒரே எஸ்எஸ்எச் கனெக்ஷனை பல பேர் பகிர்ந்துக்கற வசதி அது, நல்ல வசதி, ஆனா டிராம்ப்பும் தன் பங்குக்கு சொந்தமா கன்ட்ரோல் மாஸ்டர் ஆப்ஷன்களை சேத்து அனுப்பும். நம்ம கான்ஃபிக்ல ஏற்கனவே அதை எல்லாம் செட் பண்ணியிருந்தா, டிராம்ப்-யூஸ்-எஸ்எஸ்எச்-கன்ட்ரோல்மாஸ்டர்-ஆப்ஷன்ஸ்ங்கிறதை நில் (nil, அதாவது ஆஃப்) ஆக்கிட்டு நம்மோடதை மட்டும் நம்பச் சொல்றது நல்லது. ஈமாக்ஸ் 30ல இந்த வேரியபிள் பேர் டிராம்ப்-யூஸ்-கனெக்ஷன்-ஷேர்னு மாறிடுச்சு. ஓடிபி கேக்கற சர்வருக்கு நான் பண்றது இது தான்: காலைல டெர்மினல்ல ஒரு தடவை ஓடிபி போட்டு உள்ள போயிடுவேன், மாஸ்டர் சாக்கெட் திறந்துக்கும், அதுக்கப்புறம் ஈமாக்ஸ் அதே சாக்கெட்ல ஏறிப் போயிடும், மறுபடி கோடு கேக்காது. சாக்கெட் ஃபைலோட பாத் ரொம்ப நீளமா போகாம பாத்துக்கோங்க, லினக்ஸ்ல யுனிக்ஸ் சாக்கெட் பாத்துக்கு 108 பைட் தான் எல்லை, மேக்ல 104. கிளவுட் கம்பெனிக்காரங்க குடுக்கற அனுமார் வால் ஹோஸ்ட் பேரை கன்ட்ரோல் பாத்ல அப்படியே போட்டா அதுலயே முட்டிக்கும். பேரோட இடத்துல பெர்சென்ட் கேபிடல் சி போட்டா ஹாஷ் ஆக்கி சுருக்கிடும்.

சர்வர்ல ஓஎஸ் மாத்தினதுக்கு அப்புறம் டிராம்ப் வினோதமா நடந்துக்குதா, இல்லாத பேர்லை கூப்பிடுதா? ஈமாக்ஸ் டைரக்டரிக்குள்ள டிராம்ப்னு ஒரு ஃபைல் இருக்கும், ஒவ்வொரு சர்வர்லயும் என்னென்ன இருக்குன்னு அது ஞாபகம் வச்சிருக்கற இடம். ஈமாக்ஸை மூடிட்டு அதை அழிச்சிடுங்க, புதுசா கேட்டு தெரிஞ்சுக்கும்.

இப்ப மெதுவா இருக்குங்கிற புகாருக்கு வர்றேன், எனக்கு வர்ற கேள்வில பாதி இது தான். தெறக்குது, ஆனா ஒவ்வொரு ஃபைலுக்கும் அஞ்சு செகண்ட், சேவ் பண்ணா நாலு செகண்ட். பேண்ட்விட்த் பத்தலைன்னு நெனக்காதீங்க, ஒரு கான்ஃபிக் ஃபைல் சில கேபி தான் இருக்கும். பிரச்சனை போக வர ஆகற நேரம். சென்னைல உக்காந்துகிட்டு அமெரிக்கா கிழக்குக் கரைல இருக்க டேட்டா சென்டரை தொட்டா, ஒரு கேள்விக்கு பதில் வரவே 200 மில்லி செகண்டுக்கு மேல ஆயிடும். டிராம்ப் ஒரு கேள்வி கேட்டு, பதில் வந்தப்புறம் தான் அடுத்த கேள்வி கேக்கும். இருபது கேள்வி கேட்டா நாலு செகண்ட் போச்சு. அப்ப வேகமாக்கணும்னா கேள்வியை குறைக்கணும், வேற வழியே இல்ல.

யாரு இவ்வளவு கேள்வி கேக்கறது? பெரும்பாலும் ஈமாக்ஸோட வெர்ஷன் கன்ட்ரோல் (கிட் மாதிரி, ஃபைல் மாற்றங்களை பதிவு பண்ற டூல்களோட பேசற பகுதி) தான். ஒரு ஃபைலை திறந்தா அது ஆர்சிஎஸ்ல இருக்கா, சிவிஎஸ்ல இருக்கா, எஸ்விஎன்ல இருக்கா, கிட்ல இருக்கா, மெர்க்யூரியல்ல இருக்கான்னு வரிசையா தேடும், அதுவும் மேல மேல இருக்க ஒவ்வொரு டைரக்டரிலயும். லோக்கல் டிஸ்க்ல இது தெரியவே தெரியாது, கடல் தாண்டிப் போய் கேட்டா தெரியும். சிவிஎஸ்ல ப்ராஜெக்ட் வச்சிருக்க யாரையாவது கடைசியா எப்ப பாத்தீங்க? விசி-ஹேண்டில்டு-பேக்எண்ட்ஸ்ல கிட்டை மட்டும் விட்டுட்டு மிச்சத்தை தூக்கிடுங்க. இன்னும் கண்டிப்பா வேணும்னா விசி-இக்னோர்-டிர்-ரெகெக்ஸ்ப்ல டிராம்ப் பாத் எல்லாத்தையும் சேத்துடுங்க, ரிமோட்ல கிட் பக்கமே போகாது. அடுத்து லாக் ஃபைல் (பூட்டுங்கிற லாக், மேல சொன்ன பதிவு லாக் இல்ல), யாராவது அதே ஃபைலை எடிட் பண்றாங்களான்னு பாக்க ஈமாக்ஸ் பக்கத்துலயே ஒரு குட்டி ஃபைல் வைக்கும். அந்த சர்வர்ல நீங்க மட்டும் தான்னா ஈமாக்ஸ் 28ல இருந்து ரிமோட்-ஃபைல்-நேம்-இன்ஹிபிட்-லாக்ஸ்னு இருக்கு, அதை ஆன் பண்ணிடலாம். அப்புறம் ப்ராஜெக்ட் பேரை மோட்லைன்ல காட்டற பேக்கேஜ், டைப் பண்ண பண்ண ஃபைல் பேரை கம்ப்ளீட் பண்ற பேக்கேஜ், ஓரத்துல கிட் மாற்றத்தை கலர்ல காட்டறது, ஒவ்வொண்ணும் தனித்தனியா சர்வர் கிட்ட விசாரணை நடத்தும். எது குற்றவாளின்னு தெரியலையா, ஈமாக்ஸை கேபிடல் கியூ ஆப்ஷனோட, அதாவது நம்ம கான்ஃபிக் எதுவும் இல்லாம திறந்து அதே ஃபைலை எடுத்துப் பாருங்க. அதுல வேகமா வந்தா குற்றவாளி உங்க இனிட் ஃபைல்ல தான் இருக்காரு. இந்த டெஸ்டை பண்ணாமயே டிராம்ப் ஸ்லோன்னு தீர்ப்பு எழுதறவங்க கிட்ட நான் வாதம் பண்றது இல்ல.

ரூட் (சர்வர்ல முழு அதிகாரம் உள்ள யூசர்) ஃபைலை எடிட் பண்றது பத்தி. ரூட்டா நேரா எஸ்எஸ்எச் பண்ண விடாத சர்வர்ல, முதல்ல யூசரா உள்ள போய் அங்கிருந்து சூடோ (ரூட் அதிகாரத்துல ஓட்டற கமாண்ட்) ஆகணும். /எஸ்எஸ்எச்:யூசர்@சர்வர்|சூடோ:சர்வர்:/இடிசி/ஹோஸ்ட்ஸ் இப்படி நடுவுல செங்குத்துக் கோடு போட்டு எழுதணும், கோலன் போட்டா வேலை செய்யாது. ரெண்டாவது பாதில சர்வர் பேரை விட்டுட்டா எந்த மெஷின்ல சூடோ ஆகுதுங்கிறதுல குழப்பம் வரலாம், அதனால எழுதியே பழகிக்கோங்க. ஈமாக்ஸ் 30ல இன்னும் வசதி, சாதாரணமா திறந்து வச்சிருக்க பஃபரை டிராம்ப்-ரிவர்ட்-பஃபர்-வித்-சூடோ அடிச்சு அப்படியே ரூட்டா மாத்திக்கலாம். ரொம்ப நாளா எல்லாரும் அவங்கவங்க இனிட் ஃபைல்ல எழுதி வச்சிருந்த ஃபங்ஷன் அது.

டெர்மினல்ல இருக்கற புரோகிராம் டிராம்ப்ல மட்டும் "நாட் ஃபவுண்ட்"னு வருதுன்னா அது பாத் (புரோகிராமைத் தேடற டைரக்டரி லிஸ்ட்) சமாச்சாரம். டிராம்ப் நம்ம ப்ரொஃபைல்ல இருக்க பாத்தை எடுத்துக்காது, தன்னோட லிஸ்ட் ஒண்ணை வச்சிருக்கு. டிராம்ப்-ரிமோட்-பாத்ல டிராம்ப்-ஓன்-ரிமோட்-பாத்ங்கிறதை சேத்தா நம்மோடதையும் எடுத்துக்கும். ரிமோட்ல லாங்குவேஜ் சர்வர் ஓட்டணும்னு ஆசைப்படறவங்களுக்கு முதல் தடங்கலே இது தான்.

வேற எடிட்டர்காரங்க "எங்களுக்கு இந்த தொல்லையே இல்ல"ன்னு சிரிப்பீங்க. விம் எடிட்டர்ல நெட்ஆர்டபிள்யூன்னு ஒரு பிளக்இன் இருக்கு, எஸ்சிபி பாத்ல சர்வர் பேருக்கு அப்புறம் ஒத்தை ஸ்லாஷ் போட்டா ஹோம் டைரக்டரில இருந்து தேடும், ரெண்டு ஸ்லாஷ் போட்டா தான் எல்லாத்துக்கும் மேல இருக்க ரூட் டைரக்டரில இருந்து, இது தெரியாம காலி ஃபைலை திறந்து வச்சுகிட்டு கான்ஃபிக் எங்க போச்சுன்னு தேடினவங்க எத்தனை பேர். விஎஸ் கோட் வேற வழில போகுது, சர்வர்லயே ஒரு குட்டி சர்வரை இறக்கிடும், அதனால வேகம் பிரமாதம், டிராம்ப் கிட்ட கூட வர முடியாது, நேர்மையா சொல்றேன். ஆனா அந்தக் குட்டி சர்வர் ஓடணுமே. 2025ல வந்த 1.99 வெர்ஷன்ல இருந்து அதுக்கு ஜிலிப்சி (லினக்ஸ் புரோகிராம்களுக்கான அடிப்படை லைப்ரரி) 2.28 ஆவது வேணும். சென்ட்ஓஎஸ் 7ல இருக்கறது 2.17, உபுண்டு 18.04ல 2.27. ஒரே ஒரு பாயின்ட்ல உபுண்டு போச்சு பாருங்க. பழைய சர்வரை இன்னும் ஓட்டிகிட்டு இருக்க ஆஃபீஸ்ல இந்த அப்டேட் வந்தப்ப ஈமாக்ஸ்காரங்க மட்டும் கண்டுக்காம வேலை பாத்துகிட்டு இருந்தாங்க, டிராம்ப்க்கு ஒரு /பின்/எஸ்எச் இருந்தா போதுமே. அதே மாதிரி ஹோம் டைரக்டரில இடம் இல்லன்னா விஎஸ் கோட் கனெக்டே ஆகாது, எரரும் சம்பந்தமே இல்லாம இருக்கும், முதல்ல டிஎஃப் கமாண்ட் போட்டு இடம் இருக்கான்னு பாத்துடுங்க.

நெட் ரொம்ப மோசமா இருக்க இடத்துல, ட்ரெயின்ல போகும்போது எல்லாம், நானே டிராம்ப்பை தொட மாட்டேன். சர்வர்ல டிமக்ஸ் (லைன் போனாலும் செஷனை உயிரோட வச்சிருக்கற புரோகிராம்) போட்டு அதுக்குள்ள விம் திறந்துப்பேன், லைன் அறுந்தாலும் எடிட்டிங் அங்கேயே அப்படியே இருக்கும், திரும்ப போய் ஒட்டிக்கலாம்.

கடைசியா சேவ் ஃபெயில் ஆகறது. டிஸ்க் ஃபுல், கோட்டா முடிஞ்சு போச்சு, ஃபைல்சிஸ்டம் ரீட்-ஒன்லி ஆயிடுச்சு, பெர்மிஷன் போச்சு, கனெக்ஷன் நடுவுல அறுந்துச்சு, எதுவா இருந்தாலும் எழுதினது எல்லாம் நம்ம லேப்டாப்ல ஈமாக்ஸ் பஃபர்ல பத்திரமா தான் இருக்கும். ஆனா சர்வர்ல இருக்க ஃபைல் பாதி எழுதினபடியோ ஜீரோ பைட்டாவோ ஆகியிருக்க வாய்ப்பு இருக்கு. அந்த நேரத்துல பஃபரை மூடாதீங்க, ரிவர்ட்டும் பண்ணாதீங்க, அப்படி பண்ணா அந்த ஜீரோ பைட்டை தான் திருப்பி படிச்சுக் காட்டும். பஃபர் மொத்தத்தையும் செலக்ட் பண்ணி, ரைட்-ரீஜன் கமாண்ட்ல லோக்கல் டெம்ப் டைரக்டரில ஒரு காப்பி எழுதிடுங்க. கண்ட்ரோல்-எக்ஸ் கண்ட்ரோல்-டபிள்யூவும் ஓகே தான், ஆனா அது பஃபரையே லோக்கல் ஃபைலுக்கு மாத்திடும், அடுத்த சேவ் சர்வருக்கு போகாது. காப்பி கையில வந்தப்புறம் டெர்மினல்ல உள்ள போய் டிஎஃப் போட்டு, எந்த லாக் ஃபைல் டிஸ்க்கை தின்னுச்சுன்னு நிதானமா தேடலாம்.